ஆலை மூடியாயிற்று, ஓடையில் கிடக்கும் கருஞ்சேற்றை மணல் போட்டு மூடினால் சுத்தமாகிவிடுமா?

கேள்வி: பாசிக்கரை

அனைவருக்கும் வணக்கம். இராமநாதபுரம் மாவட்டத்தில் கீழக்கரைக்கும் வாலிநோக்கத்துக்கும் இடைப்பட்ட கரையில் உள்ள ஒரு சிற்றூரிலிருந்து எழுதுகிறேன். எங்கள் ஊருக்கு மேற்கே, ஓடை கடலில் சேரும் இடத்திலிருந்து அரை மைல் உள்ளே, மீன்தூள் ஆலை ஒன்று பதினோரு ஆண்டுகள் ஓடியது. விசைப்படகுகளில் வரும் சங்காயத்தை (உணவுக்கு விலைபோகாத பொடிமீனை) வேகவைத்துப் பிழிந்து, எண்ணெயைத் தனியே எடுத்து, சக்கையை உலர்த்தி அரைத்துக் கோழித் தீவனத்துக்கும் இறால் தீவனத்துக்கும் அனுப்பினார்கள். பிழிந்த நீர் சிமெண்டுத் தொட்டிக்குப் போவதாகக் காகிதத்தில் இருந்தது. இரவில் அது ஓடைக்குப் போனதை ஊரே பார்த்தது. கடந்த ஆண்டு ஆலை மூடப்பட்டது. வாசலில் பூட்டும் அறிவிப்பும் தொங்குகின்றன. அன்றைக்கு ஊரில் மிட்டாய்கூடக் கொடுத்தார்கள்.

ஓடை மட்டும் அப்படியேதான் கிடக்கிறது. மாசி, பங்குனியில் நீர் வற்றும்போது அடிச்சேறு வெளியே தெரிகிறது. மேலே சாம்பல் நிறத்தில் ஓர் ஏடு, அதைக் கிளறினால் மை போன்ற கறுப்பு. பனைமட்டை ஒன்றைக் குத்திப் பார்த்தேன். முக்கால் முழம் கறுத்து வந்தது, அப்போதும் அடித்தரை தட்டுப்படவில்லை. சென்ற மாதம் ஓடையில் இறங்கிவிட்ட ஆட்டுக்குட்டியைத் தூக்க என் மகள் முழங்கால் வரை புதைந்து நடந்தாள். வீட்டுக்கு வந்து காலைக் கழுவிய பிறகு பார்த்தால் அவளுடைய வெள்ளிக் கொலுசு கரி பூசியதுபோல் கறுத்திருந்தது. எங்கள் ஊர்ப் பெண்களில் முப்பது, நாற்பது பேர் கடற்பாசி எடுக்கிறவர்கள். முன்பு கரையை ஒட்டிய பாரிலேயே (கடலடிப் பாறைத்திட்டிலேயே) மரிக்கொழுந்து, கஞ்சிப்பாசி என்ற கடற்பாசிகள் கிடைத்தன. இப்போது ஓடை முகத்துக்குப் பக்கத்துப் பாறைகளில் வழுக்கும் பச்சைப் படலம்தான் இருக்கிறது. விரல்களில் துணி சுற்றிக்கொண்டு இறங்கினாலும் அரைநாள் தண்ணீரில் நின்றால் கால் முழுவதும் அரிப்பெடுக்கிறது.

இப்போது ஆலைத் தரப்பின் செலவில் ஓர் ஒப்பந்தக்காரர் வந்திருக்கிறார். ஜேசிபி வைத்துச் சேற்றைச் சமன் செய்து, அதன் மேல் இரண்டு அடி மணல் போட்டு, சவுக்கு நட்டுக் கொடுப்பாராம். மணலை ஊருக்குத் தெற்கேயுள்ள மணல்மேட்டிலிருந்து எடுத்துக்கொள்வாராம். எங்கள் குடிநீர் ஊற்றுகள் தோண்டியிருப்பது அதே மேட்டில்தான். காவிரிக் கூட்டுக் குடிநீர்க் குழாயில் தண்ணீர் வராத நாள்களில் அந்த ஊற்றுகளை நம்பித்தான் இருக்கிறோம். இரண்டு ஊற்றுகளில் தண்ணீர் கரிக்கத் தொடங்கி மூன்று ஆண்டுகள் ஆகின்றன. ‘ஆட்சேபணை இல்லை’ என்று ஊரார் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும் என்கிறார்.

மணல் போட்டு மூடுவது சுத்தம் செய்வதாகுமா? ஊற்றுத் தண்ணீர் கெட்டதற்கும் ஆலைக்கும் தொடர்பு உண்டா என்று எப்படி அறிவது? ஓடை முகத்தில் மீன் செத்து ஒதுங்கியதெல்லாம் பூங்கோரையால்தான் (கடலில் நுண்ணுயிர் பெருகித் தண்ணீர் நிறம் மாறுவது), ஆலையால் அன்று என்று ஒரு சாரார் சொல்கிறார்கள்; அது சரியா? அறிந்தவர்கள் விளக்கமாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில்: மண்டபம் வாசி

சகோதரி, மண்டபம் என்ற கடலோர ஊரில் கடல்நீர் ஆய்வகம் ஒன்றில் இருபத்தாறு ஆண்டுகள் தண்ணீர்ப் புட்டிகளோடு காலம் கழித்து ஓய்வு பெற்றவன் நான். உங்கள் மகளின் கொலுசே பாதி ஆய்வை முடித்துவிட்டது.

கடல்நீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 2.7 கிராம் சல்பேட்டு கரைந்திருக்கிறது. மீன் கழிவு அளவுக்கு மீறிச் சேரும் இடத்தில் ஆக்சிஜன் தீர்ந்துவிடும். அதன் பிறகும் அங்கே பிழைத்திருக்கும் பாக்டீரியாக்கள் அந்தச் சல்பேட்டைக் கொண்டே கழிவைத் தின்னும். அதில் பிறப்பதுதான் அழுகிய முட்டை நாற்றமுள்ள ஹைட்ரஜன் சல்பைடு. அது சேற்றிலுள்ள இரும்போடு சேர்ந்தால் மைக்கறுப்பு. வெள்ளியோடு சேர்ந்தால் கறுத்த கொலுசு. மீனைப் பிழிந்து எண்ணெய் எடுத்த பின் மிஞ்சும் நீரில் உயிர்வேதி ஆக்சிஜன் தேவை, அதாவது கழிவைத் தின்று தீர்க்க நுண்ணுயிர்களுக்கு வேண்டிய ஆக்சிஜன், லிட்டருக்குப் பத்தாயிரக்கணக்கான மில்லிகிராம் இருக்கும். கரையோரக் கடலில் விடும் கழிவுநீருக்குச் சட்டம் அனுமதிக்கும் அளவு 100 மில்லிகிராம். கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளலாம். போதாக்குறைக்கு நம் கடலில் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டரைக்கூட எட்டாது. ‘கடல் அள்ளிக்கொண்டு போய்விடும்’ என்பது நம் கரைக்குப் பொருந்தாத பேச்சு. கோடையில் மணல்திட்டு அடைத்துவிட்டால் அந்த ஓடை மூடிவைத்த பானை.

இதில் ஒரு நல்ல செய்தியும் உண்டு. இது பாதரசம் அன்று. ஜப்பானின் மினமாட்டாவில் 1932 முதல் 1968 வரை ஆலை விட்ட பாதரசம் அடிச்சேற்றில் தங்கிவிட்டது. 1977 முதல் 1990 வரை ஏறக்குறைய 15 லட்சம் கனமீட்டர் சேற்றைக் கையாண்டு, 58 ஹெக்டேர் கடலைத் தூர்த்த பிறகும், மாசுபட்ட மீன் வெளியேறாமல் கட்டிவைத்திருந்த தடுப்பு வலையை 1997-இல்தான் அகற்ற முடிந்தது. அங்கேயும் சேற்றை மூடத்தான் செய்தார்கள். ஆனால் முதலில் இரும்புத் தகட்டுச் சுவர் எழுப்பி, கசிவைக் கண்காணித்துக்கொண்டு மூடினார்கள். மீன் கழிவுச் சேறு அப்படியில்லை. காற்றும் காலமும் கிடைத்தால் அது மட்கிப் போகும். இரண்டு அடி மணலுக்குக் கீழே அந்தக் காற்றுதான் கிடைக்காது. மணலின் பாரத்தில் சேறு பக்கவாட்டில் பிதுங்கும், வாயு குமிழிட்டு வரும், ஐப்பசி மழையில் ஓடை பழைய வழியைத் தேடும்போது மணலும் சவுக்குக் கன்றும் சேர்ந்தே கடலுக்குப் போகும். ஆகவே மணல் போடுவதைச் சுத்தம் என்று சொல்ல முடியாது. கண்ணில் படாமல் வைப்பது என்று வேண்டுமானால் சொல்லலாம்.

ஜேசிபி இறங்குவதற்கு முன் அளவெடுங்கள். நான் சொல்வதில் இதை மட்டும் நினைவில் வைத்தால்கூடப் போதும். சேற்றைப் புரட்டிய பிறகு எடுக்கும் மாதிரி எதையும் நிரூபிக்காது. இரண்டு அங்குல பிவிசி குழாயைச் செங்குத்தாக இறக்கி, மேல்வாயை உள்ளங்கையால் இறுக்கிக்கொண்டு தூக்கினால் சேறு அடுக்கடுக்காக வரும். ஆலை வாய்க்கால், ஓடையின் நடு, முகம், அதோடு ஆலைக்கு மேல்பக்கம் கெடாத ஓர் இடம் என்று எடுக்க வேண்டும். கடைசியாகச் சொன்னதை எல்லாரும் மறந்துவிடுகிறார்கள். ஒப்பிட ஓர் இடம் இல்லாவிட்டால் மற்ற எண்களுக்குப் பொருளே இல்லை. சேற்றில் கரிமப் பொருள், சல்பைடு, எண்ணெய், கன உலோகங்கள் ஆகியவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். ஓடை நீரில் கரைந்துள்ள ஆக்சிஜனை விடியலுக்கு முன் அளக்க வேண்டும். இரவு முழுவதும் எல்லா உயிரும் மூச்சு விட்டு முடித்த அந்த நேரத்தில்தான் அது மிகக் குறைவாக இருக்கும். அதற்கான புட்டியில் கரையிலேயே மருந்து விட்டு நிலைநிறுத்த வேண்டும். வெறும் தண்ணீராக ஊருக்குக் கொண்டுபோனால் வழியில் அளவு மாறிவிடும். மற்ற புட்டிகள் ஐஸ் பெட்டியில், வெளிச்சம் படாமல், அன்றைக்கே ஆய்வகம் சேர வேண்டும்.

இன்னொரு நுணுக்கம். கழிவை வேதிப்பொருளால் சிதைக்க எவ்வளவு ஆக்சிஜன் வேண்டும் என்று காட்டும் வேதி ஆக்சிஜன் தேவை என்ற அளவீட்டைக் கடல்நீரின் குளோரைடு குழப்பிவிடும்; அதற்கு ஈடுகட்டாத ஆய்வகம் எண்ணைக் கூட்டிக் காட்டிவிடும். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதலில் பிடிப்பது அதைத்தான். உப்புநீருக்கான முறையில் செய்தீர்களா என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

ஊற்று விஷயத்தில் அவசரப்பட்டு முடிவு சொல்லக் கூடாது. மணல்மேட்டில் மழைநீர் கடல்நீரின் மேல் மிதந்து நிற்கிறது. அந்த மிதவைதான் உங்கள் ஊற்று. ஆலை ஆழ்துளைக் கிணறு போட்டு இழுத்திருந்தால் கழிவு கலக்காமலேயே உப்பு ஏறும். குளோரைடு மட்டும் கூடியிருந்தால் இழுத்ததால் வந்த கேடு என்று ஐயப்படலாம். அம்மோனியாவும் நைட்ரேட்டும் சேர்ந்து கூடியிருந்தால் கழிவு எட்டியிருக்கிறது என்று பொருள். குடிநீரில் அம்மோனியா லிட்டருக்கு 0.5 மில்லிகிராமுக்குள்ளும் நைட்ரேட்டு 45 மில்லிகிராமுக்குள்ளும் இருக்க வேண்டும். ஊற்றுக்கு அருகில் வீட்டுக் கழிவறைக் குழி இருந்தாலும் இவ்விரண்டும் கூடும் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். எது எப்படியானாலும் அந்த மேட்டிலிருந்து ஒரு கூடை மணலும் எடுக்க விடாதீர்கள். மேடு தாழ்ந்தால் மிதவையும் தாழும். ஓடையை மூடப் போய் ஊற்றை இழப்பீர்கள்.

பூங்கோரையைப் பற்றிக் கேட்டீர்கள். அது கட்டுக்கதை அன்று. நாக்டிலூகா என்ற நுண்ணுயிர் பெருகி 2008-லும் 2019-லும் மன்னார் வளைகுடாவில் கடலே கீரைச்சாறு போலாகி மீன்கள் செத்து ஒதுங்கின. அது வந்தால் பல ஊர்க் கரைகளில் ஒரே நேரத்தில் தெரியும். இரவில் அலை நீலமாய் ஒளிரும். உங்கள் ஓடை முகத்தில் மட்டும், விடியற்காலையில், மணல்திட்டு உடைந்த மறுநாள் மீன் வாயைப் பிளந்துகொண்டு மேலே வருகிறதென்றால் அது பூங்கோரை இல்லை, ஓடைச் சேறு. 2019-இல் செத்த மீனையும் ஆலையின் தலையில் கட்டாதீர்கள். ஒரு பொய்யான குற்றச்சாட்டு மற்ற உண்மைகளையும் சேர்த்துக் கெடுத்துவிடும்.

பதில்: பாய்லர்க்காரன்

நான் வேறொரு மாவட்டக் கரையில் இதே வகை ஆலையில் ஏழு ஆண்டுகள் பாய்லர் பார்த்தவன். பெரியவர் ஓடையைப் பற்றிச் சொல்லிவிட்டார். நான் மதிலுக்கு உள்ளே இருப்பதைச் சொல்கிறேன்.

பூட்டிக் கிடக்கும் ஆலையில் பிழிநீர்த் தொட்டி நிச்சயம் காலியாக இருக்காது. மூடும்போது யாரும் கழுவி வைத்துவிட்டுப் போவதில்லை. மேலே கொழுப்பு கெட்டித்து, நடக்கலாம் போல ஒரு தோல் கட்டியிருக்கும். அதன் அடியில் ஹைட்ரஜன் சல்பைடு அடைந்து நிற்கும். கொஞ்சமாக இருந்தால் நாறும். அதிகமாகிவிட்டால் மூக்கு மரத்து நாற்றமே தெரியாது, அடுத்த மூச்சில் ஆள் விழுவான், தூக்கப் போனவனும் விழுவான். நாங்கள் தொட்டிப் பக்கம் போகும்போது கயிறு கட்டிக்கொண்டு, காற்றாடி வைத்து ஒரு மணி நேரம் ஊதிய பிறகுதான் மூடியைத் தூக்குவோம். அப்படியும் ஒருமுறை என்னோடு வேலை பார்த்தவர் மயங்கி விழுந்து, தெய்வாதீனமாகப் பிழைத்தார். ஒப்பந்தக்காரர் உள்ளூர்ப் பையன்களை நாள் கூலிக்கு அந்தத் தொட்டியில் இறக்கப் பார்ப்பார். காற்றளக்கும் கருவியும் வெளிக்காற்றைத் தரும் சுவாசக் கருவியும் இல்லாமல் ஒருவரையும் இறங்க விடாதீர்கள்.

அடுத்தது உலை எண்ணெய்த் தொட்டி. அதன் குழாய் மூட்டில் சொட்டிச் சொட்டி மண் தார்போல் ஆகியிருக்கும். மீன் சேறு மட்கும். இது எளிதில் மட்காது. இதைத் தனியே தோண்டித் தனியே அனுப்ப வேண்டும். இரண்டையும் ஒரே லாரியில் கலந்துவிட்டால் முழுவதும் கெட்ட மண்ணாகிவிடும். அல்லது, பெரும்பாலும் நடப்பதுபோல, முழுவதையும் நல்ல மண் என்று எழுதிவிடுவார்கள். சேற்றை உரம் என்று சொல்லித் தென்னந்தோப்புக்கு இலவசமாகத் தருகிறோம் என்றும் யாராவது வருவார்கள். உப்பு ஏறிய சேறு அது. தென்னை தாங்கலாம், அதன் அடியில் போட்ட வேறெதுவும் தாங்காது.

சங்காயம் வாங்க ஆள் இருந்ததால் குஞ்சு மீனையும் விடாமல் வாரிக்கொண்டு வந்த படகுகளை நான் பார்த்திருக்கிறேன். நாலைந்து கிலோ மீன் போட்டால் ஒரு கிலோ தூள் கிடைக்கும். ஆலை எடுத்தது ஓடையை மட்டும் அன்று என்று எனக்குத் தோன்றும். அந்தக் கூலியில்தான் என் வீடு கட்டினேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

பதில்: விசைப்படகு

எல்லாரும் ஆலைக்கு எதிராகவே எழுதுவதால் மறுபக்கத்தையும் ஒருவர் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்த ஆலையில் ஐஸ் உடைத்த, மீன் தரம் பிரித்த பெண்கள் எத்தனை பேர் என்று யாரும் கேட்கவில்லை. அவர்களில் பாதிப் பேருக்கு மூன்று மாதக் கூலி பாக்கி. மூடியதும் மிட்டாய் கொடுத்தவர்கள் அவர்கள் வீட்டுக்கும் போய்ப் பார்த்திருக்கலாம். ஓடையின் மேல்பக்கம் இறால் பண்ணைகள் குளத்து நீரை எந்த ஓடையில் திறந்துவிடுகின்றன? ஊர்க் குப்பை எங்கே போகிறது? சுத்தம் செய்யட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் முறையாகச் சுத்திகரிப்பு நிலையம் வைத்துத் திரும்பத் திறக்கவும் வழி இருக்க வேண்டும்.

பதில்: வழக்காடி

நான் இராமநாதபுரத்தில் தொழில் செய்யும் வழக்கறிஞன். விசைப்படகுக்காரர் கேட்ட நியாயத்திலிருந்தே தொடங்குகிறேன். 1996 டிசம்பரில், சர்வோதயத் தலைவர் எஸ். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் கடற்கரை மண்டலத்து இறால் பண்ணைகளை மூடச் சொன்னபோது, ஓராண்டுக்குக் குறையாமல் தொடர்ந்து வேலை பார்த்த தொழிலாளர்களுக்குச் சட்டப்படியான இழப்பீட்டோடு கூடுதலாக ஆறு ஆண்டுச் சம்பளமும் தர வேண்டும் என்று உத்தரவிட்டது. 2005-இல் வந்த கடலோர நீருயிர் வளர்ப்புச் சட்டம் அந்தத் தீர்ப்பின் கூர்மையைப் பெருமளவு மழுக்கிவிட்டது என்பது வேறு கதை. ஆனால் மூடும் உத்தரவில் தொழிலாளியும் ஒரு தரப்பு என்ற எண்ணம் அதில் இருக்கிறது. ஐஸ் உடைத்த பெண்களையும் உங்கள் மனுவில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஊர் இரண்டாகப் பிரிந்து நின்றால் ஆதாயம் யாருக்கு என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அதே ஆண்டு ஆகஸ்டில் வந்த வேலூர்த் தோல் பதனிடும் ஆலைகள் வழக்கின் தீர்ப்பில், மாசு செய்தவர் தர வேண்டிய பணத்தை இரண்டாகப் பிரித்தார்கள்: கெட்ட சூழலைத் திருப்புவதற்கு ஒன்று, பாதிக்கப்பட்ட மனிதர்களுக்கு ஒன்று. ஆலைத் தரப்பு இப்போது செய்ய முன்வருவது முதல் தலைப்பின் கீழ் ஒரு சிறு துண்டு மட்டுமே. இதற்கு ‘ஆட்சேபணை இல்லை’ என்று கையெழுத்துப் போட்டால், இரண்டு தலைப்புகளுக்கும் சேர்த்துக் கணக்குத் தீர்ந்தது என்று நாளைக்கு அந்தக் காகிதத்தையே நீட்டுவார்கள். கையெழுத்துப் போடாதீர்கள். போட்டே ஆக வேண்டிய நெருக்கடி வந்தால், எந்த ஆய்வறிக்கையின் அடிப்படையில், எந்த அளவு வரை, யார் சரிபார்த்த பின் வேலை முடிந்ததாகக் கொள்ளப்படும் என்பதை எழுதி, ஊராரின் பிற உரிமைகள் இதனால் பாதிக்கப்படா என்ற வரியையும் சேர்த்துப் போடுங்கள். வேலூர்ப் பாலாற்றுக்காக உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரியில் மீண்டும் உத்தரவிட வேண்டியிருந்தது. தீர்ப்பு வந்து இருபத்தெட்டு ஆண்டுகளுக்குப் பிறகும் ‘முடிந்தது’ என்று சொல்ல முடியவில்லை என்பதை நினைவில் வையுங்கள்.

மணல் போடும் திட்டத்துக்குச் சட்டத்திலேயே தடை இருக்கிறது. ஏற்ற இறக்கம் எட்டும் ஓடையைத் தூர்ப்பதும், கடல்நீரின் இயல்பான போக்கை மறிப்பதும், கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை தடுத்துவைத்திருக்கும் செயல்கள்; மணல்மேட்டைத் தோண்டுவதும் அப்படியே. போதாததற்கு அந்த ஓடை சேர்வது 1989-இல் அறிவிக்கப்பட்ட மன்னார் வளைகுடா உயிர்க்கோளக் காப்பகத்தின் கடலில். எந்த அனுமதியின் பேரில் இந்த வேலை நடக்கிறது என்று ஒப்பந்தக்காரரிடம் எழுத்தில் கேளுங்கள். பதில் வராது என்றே நினைக்கிறேன்.

காலக்கெடுவைத் தவறவிடாதீர்கள். தேசியப் பசுமைத் தீர்ப்பாயச் சட்டம் 2010-இன் 14-ஆம் பிரிவில், சூழல் பற்றிய தகராறு என்று போனால் ஆறு மாதம்தான். 15-ஆம் பிரிவில் இழப்பீடும் சூழல் மீட்பும் கேட்டால் ஐந்து ஆண்டுகள். இரண்டுக்கும் மேலே அறுபது நாள் சலுகை உண்டு, அதுவும் தக்க காரணம் காட்டினால். உங்களுக்கு உரியது 15-ஆம் பிரிவு. இழப்பீடு கேட்காத மனுவுக்குக் கட்டணம் ஆயிரம் ரூபாய். கேட்டால் கேட்கும் தொகையில் நூற்றுக்கு ஒன்று. தெற்கு அமர்வு சென்னையில் இருக்கிறது. நீங்களே எடுத்த மாதிரி, 1974-ஆம் ஆண்டு நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தின் 21-ஆம் பிரிவுப்படி எடுத்ததாகாது. அப்படியானால் ஆலைக்காரர் முன்னிலையில் இரண்டாகப் பிரித்து முத்திரையிட்டிருக்க வேண்டும். ஆனாலும் அது வீணில்லை. தீர்ப்பாயம் சாட்சியச் சட்டத்தின் விதிகளுக்குக் கட்டுப்பட்டதன்று; உங்கள் அறிக்கையைக் காட்டி, இடத்தை ஆய்வு செய்ய அதிகாரிகளின் கூட்டுக் குழுவை அனுப்பக் கேட்கலாம்.

2025 ஜூலையில் மாசடைந்த இடங்களை மேலாளுவதற்கென்று மத்திய அரசு தனி விதிகளை வெளியிட்டது. ஐயத்துக்குரிய இடங்களை உள்ளாட்சியோ மாவட்ட நிர்வாகமோ பட்டியலிட்டு அனுப்ப வேண்டும். முதல்கட்ட ஆய்வுக்கு 90 நாள். அந்த விதிகள், பட்டியலிட்ட நச்சுப் பொருள்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. மீன் சேற்றை மட்டும் காட்டி அதற்குள் நுழைவது கடினம். ஆனால் பாய்லர் நண்பர் சொன்ன உலை எண்ணெய் மண்ணைக் கொண்டு நுழைய முயலலாம்.

உடனே செய்ய வேண்டியது, தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி, மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆலைக்குக் கொடுத்த இசைவாணையின் (இயங்க அனுமதியின்) நிபந்தனைகள், மூடும் உத்தரவு, இதுவரை எடுத்த நீர் மாதிரிகளின் முடிவுகள் ஆகியவற்றின் நகல் கேட்பது. முப்பது நாளில் பதில் தர வேண்டும். அடுத்த கிராம சபையில் தீர்மானமும் போடுங்கள். கொலுசைத் துலக்க வேண்டாம். தேதி தெரியும்படி படம் எடுத்து உறையில் போட்டு வையுங்கள். அது சாட்சியமாகும் என்று உறுதி சொல்ல மாட்டேன், ஆனால் நீதிபதிகளும் வீட்டில் கொலுசு பார்த்தவர்கள்தாம்.

மீண்டும்: பாசிக்கரை

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. பெரியவர் சொன்னபடி சென்ற வெள்ளிக்கிழமை விடியுமுன் நான்கு இடங்களில் மாதிரி எடுத்தோம். மண்டபத்திலிருந்து ஓர் ஆய்வு மாணவர் மருந்துப் புட்டிகளோடு வந்திருந்தார். ஐஸ் பெட்டி மீன் வியாபாரியிடம் இரவல் வாங்கியது. மூன்று முறை கழுவியும் கணவாய் வாடை போகவில்லை, மாதிரி கெட்டுவிடுமோ என்று பயந்தேன், புட்டி இறுக மூடியிருந்தால் பாதகமில்லை என்று அந்த மாணவர் சொன்னார். ஆலைக்கு மேல்பக்கம் எடுத்த குழாயில் சேறு பழுப்பாக, நண்டுப் பொந்துகளோடு இருந்தது. ஓடை நடுவில் எடுத்ததில் முப்பத்தெட்டு செண்டிமீட்டர் வரை கறுப்பு, அதன் கீழே வெள்ளை மணல். பனைமட்டைக்குத் தட்டுப்படாத தரையைக் குழாயில் பார்த்துவிட்டோம்.

ஊற்றுத் தண்ணீர் மூன்று புட்டி தனியே போயிருக்கிறது. கரிக்கும் ஊற்றுகளில் ஒன்றுக்கு இருபது அடியில் ஒரு வீட்டுக் கழிவறைக் குழி இருப்பதையும் படிவத்தில் எழுதிவிட்டோம். அந்த வீட்டார் எங்கள் சொந்தக்காரர்கள், இரண்டு நாளாகப் பேசவில்லை.

விசைப்படகு அண்ணனுக்கு: கூலி பாக்கியுள்ள பெண்களின் பட்டியல் எடுத்தோம், பதினேழு பேர். அவர்களில் ஆறு பேர் எங்களோடு பாசிக்கு வருகிறவர்கள். இது எனக்கே தெரியாமல் இருந்தது. மனுவில் அவர்கள் கோரிக்கை தனிப் பத்தியாக வருகிறது. ஆலையைத் திரும்பத் திறப்பது பற்றி ஊரில் ஒத்த கருத்து இல்லை, அதை மனுவில் எழுதவும் இல்லை. இறால் பண்ணைகளின் மடை திறக்கும் நாள்களைக் குறித்துவைக்க இரண்டு பையன்களிடம் சொல்லியிருக்கிறேன்.

கையெழுத்துப் போடவில்லை. அனுமதி ஆணையின் நகல் கேட்டு எழுதிய கடிதத்தை ஒப்பந்தக்காரர் வாங்க மறுத்ததால் பதிவுத் தபாலில் அனுப்பினோம். ஜேசிபி மணல்மேட்டின் அடிவாரத்தில் பனைநிழலில் நிற்கிறது. ஓட்டுநர் தம்பி நல்லவர், எங்கள் வீட்டில்தான் சாப்பிடுகிறார். கச்சான் காற்று (தென்மேற்குக் காற்று) தொடங்கு முன்பே சேற்றை அள்ளும் வேலையைத் தொடங்க வேண்டும் என்று மாணவர் சொல்கிறார். ஓடையை மணல்மூட்டை வைத்துப் பகுதி பகுதியாகத் தடுத்து அள்ளினால், அள்ளிய சேற்றைக் காயவைக்கத் தார்ப்பாய் விரித்த களத்துக்கு எவ்வளவு இடம் வேண்டும் என்று மண்டபம் ஐயா கணக்குப் போட்டுச் சொன்னால் உதவியாக இருக்கும். ஓடையில் அள்ள வேண்டிய பகுதியின் நீளம் முந்நூற்று இருபது மீட்டர், சராசரி அகலம் ஒன்பது மீட்டர்.